நாலு நாளுக்கு ஓர் அறை

பலெர்மோவில் இருந்துகொண்டு, கடல் பார்க்க இங்கிலாந்துக்குப் போகிறேன், அதுவும் பெப்ரவரி மாதத்தில், என்று சொன்ன ஒரேயொரு தமிழ்ப் பெண் எனக்குத் தெரிய அவர்தான். நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயர் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. அதை வாங்கிப் பார்க்கிற பொலிஸ்காரரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து குடியிருந்தோம். மணித்தியாலக் கணக்கில் வீடுகள் துடைக்கிற வேலை. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. அந்த இரண்டு நேரமும் எங்கள் குசினியில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு வியாழக்கிழமை, ஆட்கள் நிறைந்திருக்கும்போது, அக்கா இந்தச் செய்தியைச் சொன்னார்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

"ஒருத்தரும் இல்லையெண்டபடியால்தான்."

சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

அன்று இரவுக்குள் ஊரெல்லாம் கதை. அங்கை போய் அகதியெண்டு அசைலம் அடிக்கப் போகினம், திரும்பி வரமாட்டினம் என்றார்கள் சிலர். பிள்ளை குட்டி இல்லாத ஆக்கள், ஆருக்குச் சேர்க்கிறது, செலவழிக்கட்டும் என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது கதை அக்காவின் காதிலும் விழுந்தது. அவர் முகம் மாறவில்லை. "யோசிச்சுப் பாருங்கோ அக்கா, அந்தக் காசுக்கு ஊரில ஒரு கிணறு கட்டலாம்" என்று புத்தி சொல்ல வந்தவரிடம், "அது யோசிச்சாச்சு" என்றார்.

இதுதான் அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. கோபத்தில் சொல்வதில்லை. கடைக்காரர் கல்லாவை மூடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு சொல்வார். அதற்குப் பிறகு அந்த விடயத்தைப் பற்றி அவரோடு கதைப்பதில் பிரயோசனம் இல்லை என்று எங்களுக்குப் பழகிவிட்டது.

அக்கா ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்தார்; அந்த வீட்டு அம்மாவைச் சின்யோரா என்போம். அவர் முதன்முதல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது குசினியில் கதிரை இருக்கவில்லை. வேலைக்காரர் நின்றுகொண்டே சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். சின்யோரா கெட்டவர் இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. முதல் வியாழக்கிழமையே கபோ சந்தைக்குப் போய் வைக்கோல் பின்னிய கதிரையொன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் குசினியில் போட்டார். அன்று இரவு அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். சின்யோரா வந்து பார்த்தாராம். கதிரையைப் பார்த்தாராம், அக்காவைப் பார்த்தாராம், தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அக்காவின் கணவரை நாங்கள் அண்ணை என்போம். கட்டையான மனிதர், மெல்லிய குரல். மொண்டெல்லோவில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை. இரவு பகல் அங்கேதான். அக்கா நகரத்துக்குள் சின்யோரா வீட்டில். அக்கா பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் அப்படித்தான். வியாழன் பின்னேரம் அண்ணை பஸ் ஏறி வருவார். வில்லா ஜூலியாப் பூங்காவில் ஒரு வாங்கில் இரண்டு பேரும் இருப்பார்கள். அண்ணை தோடம்பழம் உரித்துக் கொடுப்பார். அக்கா அவருடைய சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு வந்திருப்பார். இருட்டுப்பட எழும்பி ஆளுக்கொரு பக்கமாகப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவில், பிறகு யார் வீட்டிலாவது சாப்பாடு, சுற்றிவர ஆட்கள்.

மழை பெய்தால் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒரு வியாழன் நல்ல மழை. அவர்கள் இரண்டு பேரும் குசினி மேசையில் எதிரெதிராக இருந்தார்கள். எங்களில் மூத்தவள் எங்களுக்குக் கண்ணைக் காட்டினாள். "நாங்கள் ஒருக்கா மார்க்கெட்டுக்குப் போட்டு வாறம் அக்கா, ரெண்டு மூண்டு மணித்தியாலம் செல்லும்" என்றாள். நாங்கள் குடையை எடுத்தோம். அக்கா எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு எழும்பி, "நில்லுங்கோ, நாங்களும் வாறம்" என்றார். அண்ணையும் எழும்பினார். எல்லோருமாக அந்த மழைக்குள் சந்தைக்குப் போய், யாருக்கும் தேவையில்லாத கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் அப்படிச் செய்யவில்லை.

இங்கிலாந்து யோசனை எப்படி வந்தது என்று பிறகு எனக்கு மட்டும் சொன்னார். ஒவ்வொரு வசந்த காலமும் சின்யோரா வீட்டுக்கு ஓர் இங்கிலீஷ்காரி வந்து தங்குவார். தாவரவியல் பூங்காவில் இருந்து பூ வரைகிறவர். அக்காவுக்கு இங்கிலீஷ் வரும். ஊரில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை செய்தவர். ஆகவே அந்த மனிசி காலையில் குசினிக்குள் வந்து நின்று அக்காவோடு கதைப்பாராம். இங்கிலாந்தின் தென்கரையில், சின்ன ஊரொன்றில் அவருக்கு ஒரு விடுதி இருக்கிறது. கோடையில் அறை கிடையாது. பனிக்காலத்தில் ஒரு குருவியும் வராது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் ஆள் இல்லை, நானும் கடலும்தான் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அக்கா ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம். "அறைக் கதவுக்கு உள்பக்கம் பூட்டு இருக்கா?"

இருக்கிறது என்றாராம் அந்த மனிசி.

"ஜெர்மனியில இவரின்ர தம்பி இருக்கிறார். சுவிஸில என்ர சித்தியின்ர மகள். லண்டனில இவரின்ர அக்கா," என்றார் என்னிடம். "எங்கை போனாலும் ஆம்பிளையள் ஹோலில, பொம்பிளையள் அறையில. பாய் விரிச்சு வரிசையா. அன்பாத்தான் செய்வினம், பிள்ளை. அந்த அன்புதான் எனக்கு வேண்டாம்."

நான் அப்போது கலியாணம் கட்டாதவள். தலையை மட்டும் ஆட்டினேன்.

டிக்கட் எடுக்க வியா மக்வேதாவில் ஒரு பயணக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய இத்தாலியன் குசினிக்குள் போதும், வெளியில் நான் வேண்டும். கடைக்காரர் பாரிஸ் படத்தைக் காட்டினார், வெனிஸ் படத்தைக் காட்டினார். கடல்தான் வேண்டுமென்றால் ஜூனில் போங்கள் என்றார். "பெப்ரவரியில் அந்தக் கரையில் மழையைத் தவிர ஒன்றுமில்லை, சின்யோரா. வெளியில் இறங்கவே முடியாது."

"மழையெண்டா வெளியில இறங்கத் தேவையில்லைத்தானே எண்டு சொல்லு" என்றார் அக்கா.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. குனிந்துகொண்டு மொழிபெயர்த்தேன். கடைக்காரர் அக்காவை ஒருமுறை பார்த்தார். படங்களை எல்லாம் அடுக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வெகு கவனமாக வேலை செய்தார். லண்டனுக்குள் கால் வைக்காமலே விமான நிலையத்திலிருந்து நேரே அந்த ஊருக்கு ரயில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். அக்காவுக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

விசாவுக்கு ரோமுக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்த வியாழக்கிழமை எங்கள் குசினியில் அக்கா நடந்ததைச் சொன்னார்.

"பலெர்மோவிலயும் கடல் இருக்குத்தானே, பிறகேன் இஞ்சை வாறியள் எண்டு விசா குடுக்கிறவன் கேட்டவன். ஓம், அந்தக் கடற்கரைக்கு நான் சின்யோராவின்ர நாயைக் கூட்டிக்கொண்டு போறனான் எண்டு சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னவன்?"

"இவரைப் பாத்தான். இவர் வேர்த்து ஒழுகிக்கொண்டு நிண்டவர். உங்களுக்கு ஏன் போக விருப்பம் எண்டு இவரைக் கேட்டான். இவர் என்னைக் காட்டினவர். பிறகு முத்திரையைக் குத்திப்போட்டான்."

அண்ணை வெட்கத்தோடு சிரித்தார். அவருக்கு இந்தப் பயணத்தில் ஆசை இல்லாமல் இல்லை. பயம்தான் கூட. அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டு போவோம் என்று ஒருநாள் மெல்லச் சொன்னார். "நாலு நாள் நான் ஒரு சட்டியும் கழுவன்" என்றார் அக்கா. பாண் மட்டும் சாப்பிட்டால் வயிறு தாங்குமோ என்று அண்ணை முணுமுணுத்தார். அது யோசித்தாகிவிட்டது.

ஆனால் அந்தப் பயத்தில் அவர் ஒரு வேலை செய்துவிட்டார். லண்டனில் இருக்கிற தன் தமக்கையோடு தொலைபேசியில் கதைக்கும்போது விடயத்தைச் சொல்லிவிட்டார். தமக்கை அழுதாராம். விமான நிலையத்துக்கு வான் கொண்டு வருகிறோம், ஹோட்டலை இப்போதே நிற்பாட்டச் சொல்லு என்றாராம். அண்ணை ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, வில்லா ஜூலியா வாங்கில் இருந்து அதை அக்காவிடம் ஒப்புக்கொண்டார். நான் அன்று அவர்களுக்கு வடை கொண்டு போயிருந்தேன். அக்கா வடையைக் கையில் வாங்கியபடியே எழும்பினார். "வா பிள்ளை."

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கூண்டு. நான் கார்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா கதவை மூடவில்லை, எல்லாம் கேட்டது. மறுபக்கக் குரலும் கேட்டது, அவ்வளவு சத்தம்.

"இங்கிலாந்துக்கு வந்து ஹோட்டலில நிக்கிறதோ? சனம் என்ன சொல்லும்? நாங்கள் இஞ்சை செத்தே போனம்?"

"சனத்துக்கு நீங்கள் சொல்லாட்டித் தெரியாது, மச்சாள்."

"என்ர தம்பிக்கு நான் ஒரு நேரம் சோறு போடக் கூடாதோ?"

"போடலாம் மச்சாள். கோடைக்கு வந்து ஒரு கிழமை நிக்கிறம். இப்ப இல்லை." அக்கா ஒரு மூச்சு விட்டார். "ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. உங்கட வீட்டில நாங்கள் எங்கை படுக்கிறது? இவர் ஹோலில அத்தானோட. நான் பிள்ளையளின்ர அறையில. அதுதானே?"

கார்ட்டில் காசு குறைந்துகொண்டு போவதை நான் பார்த்தேன்.

"நாங்கள் ஊரை விட்டு வந்து எத்தினை வருசம் மச்சாள். ஒரு அறையில ஒரு இரவு..." அக்கா அதை முடிக்கவில்லை.

மறுபக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. இப்போது மெல்ல. "அங்கை சரியான குளிர். தடிச்ச சொக்ஸ் ரெண்டு சோடி கொண்டு வா." பிறகு, "நான் ஆருக்கும் சொல்லன்" என்றது.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, கையிலிருந்த வடையை அந்தக் கூண்டுக்குள் நின்றபடியே சாப்பிட்டார். அவருடைய கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் போவதற்கு முதல் கிழமை சின்யோரா குண்டைப் போட்டார். அந்த நாட்களில் அவர் மிலானோவில் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. அதை நம்பித்தான் அக்கா விடுமுறை கேட்டிருந்தார். சின்யோராவுக்குத் தடிமன் பிடித்துவிட்டது, பயணம் இல்லை. "நீயும் ஜூனுக்குத் தள்ளிப் போடு" என்றிருக்கிறார். அக்கா முடியாது என்றிருக்கிறார். "போனால் திரும்பி வராதே" என்றிருக்கிறார் சின்யோரா.

அந்த நாட்களில் இது விளையாட்டு வார்த்தை இல்லை. வேலை போனால் பெர்மெஸ்ஸோ புதுப்பிப்பது பெரும் பாடு. "டிக்கட் போனாப் போகட்டும், இஞ்சரும், இன்னொரு முறை போவம்" என்று அண்ணை கெஞ்சினார். எங்கள் வீட்டில் எல்லோரும் அதையே சொன்னோம். நானும் சொன்னேன்.

"இன்னொரு முறை எண்டு ஒண்டு இல்லை" என்றார் அக்கா. "இப்ப விட்டா ஜூன். ஜூனில இவர் பாக்கிற கிழவனுக்கு வருத்தம் கூடும். பிறகு ஆரும் கலியாணம், ஆரும் செத்தவீடு. எனக்கு நாப்பது வரப்போகுது." எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பி, "உன்ர வேலையளை நாலு நாள் மாத்தேலுமே?" என்று கேட்டார்.

அடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் சின்யோராவின் முன் நிறுத்தினார். எனக்குக் கோப்பி போடத் தெரியும், நாயைக் கொண்டு போகத் தெரியும், மருந்து எந்த நேரம் எதைக் கொடுப்பது என்று சொல்லித் தந்தாகிவிட்டது என்று தன் இத்தாலியனில் சொன்னார். "இவள் நிற்பாள். நான் போகிறேன். நான் திரும்பி வருவேன். வேண்டாமென்றால் அப்போது சொல்லுங்கள்." சின்யோரா போர்வைக்குள் இருந்து தும்மினார்.

அந்த நாலு நாளும் நான் அக்காவின் இடத்தில் இருந்தேன். அவருடைய கதிரையில் இருந்து சாப்பிட்டேன். அவருடைய கட்டிலில் படுத்தேன். குசினிக்குப் பின்னால், முந்தி சாமான் வைத்த இடம். ஒரு சின்ன யன்னல், அதைத் திறந்தால் எதிர்ச் சுவர். கட்டிலில் திரும்பிப் படுத்தால் முழங்கை சுவரில் இடிக்கும். சுவரில் ஓர் ஆணியில் அக்காவின் வீட்டுச் சட்டை தொங்கியது. அவ்வளவுதான். எட்டு வருசம் இதிலே எப்படிக் கிடந்தார் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, கோப்பியை வாங்கும்போது சின்யோரா கேட்டார். "லண்டனில் அவளுக்கு யார் சொந்தம்?"

"லண்டனுக்குப் போகவில்லை, சின்யோரா. கடற்கரைக்கு. கணவரோடு."

"கணவரோடு." அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "வியாழக்கிழமைகளில் கீழே கேற்றில் வந்து நிற்பானே, அந்தச் சின்ன மனிதனா? மழையிலும் மேலே வர மாட்டான்."

"ஓம். அவர்தான்."

அவர் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். கோப்பி ஆறிப்போயிருந்தது.

அக்கா சொன்ன நாளில் திரும்பி வந்தார். நான் பையைக் கட்டி வைத்துக்கொண்டு குசினியில் காத்திருந்தேன். மூக்கு நுனி சிவந்து, உதடு வெடித்து, தலைமயிரில் உப்புக் காற்றுப் பட்ட பிசுபிசுப்போடு உள்ளே வந்தார். எனக்கு ஆயிரம் கேள்வி. கடைசியில், "எப்பிடியக்கா இருந்தது?" என்றேன்.

"சண்டை பிடிச்சனாங்கள்" என்றார்.

பெரிய பரிசு வாங்கி வந்தவர் போல நின்றார்.

"முதல் நாள் ரெண்டு பேருக்கும் நித்திரை இல்லை. இவர் குறட்டை விடுவாரெண்டு எனக்கு மறந்தே போச்சு. விடியக்காலமை வேலைக்கு எழும்புற மாதிரி ரெண்டு பேரும் எழும்பி இருந்துகொண்டு ஆளையாள் பாக்கிறம், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ரெண்டாம் நாள் யன்னலால வந்தது. எனக்குத் திறக்க வேணும், கடல் சத்தம் கேக்க. இவருக்குக் குளிர். திறக்கிறன், மூடுறார். திறக்கிறன், மூடுறார். பிறகு பாரன், எல்லாம் வந்திட்டுது. என்னைக் கேக்காமல் மச்சாளுக்குச் சொன்னது, கலியாணத்துக்குப் பிறகு என்னை ரெண்டு வருசம் ஊரில விட்டிட்டு வந்தது, எல்லாம். அவரும் விடேல்லை. நீர் ஒருக்காலும் என்னைக் கேட்டுச் செய்யிறேல்லை எண்டு கத்தினார். இவர்! கத்தினார்! பின்னேரம் கல்லுக் கடற்கரையில அவர் முன்னுக்குப் போறார், நான் பின்னுக்குப் போறன். ஒரு கதை இல்லை. சாப்பிடேக்கையும் இல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. ஒரு அறைதானே. ஒரு கட்டில்தானே. எங்கை போறது?" அக்கா சிரித்தார். முழு முகத்தாலும் சிரித்தார்.

பின்பு தன் கதிரையில் இருந்து சொக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "வியாழக்கிழமையில சண்டை பிடிக்க ஏலாது, பிள்ளை. பிடிச்சா அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வியாழன் மட்டும் திரிய வேணும். அதால நாங்கள் பிடிக்கிறேல்லை. எட்டு வருசமா நல்லபிள்ளையளாத் தோடம்பழம் திண்டுகொண்டு இருந்திருக்கிறம்."

அதே பின்னேரம் சின்யோராவிடம் போனார். இனி வீட்டோடு தங்கமாட்டேன், காலமை வந்து பின்னேரம் போவேன், சம்பளத்தைக் குறைக்கலாம் என்றார். சின்யோரா இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை, காலையில் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார். அண்ணைக்கு மொண்டெல்லோவில் அப்படி விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் அந்த வேலையை விட்டார். வாழ்க்கையில் முதன்முதல் தானாக எடுத்த முடிவு அது என்று எங்களுக்குச் சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை. கொஞ்ச நாள் வேலையில்லாமல் கஷ்டப்பட்டு, பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார்.

கபோவில், சந்தைக்கு மேலே நான்காம் மாடியில் அறையொன்று எடுத்தார்கள். குடிபோன ஞாயிற்றுக்கிழமை நான் மீன் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். படிக்கட்டின் அடியிலேயே அவர்களுடைய சத்தம் கேட்டது. மேலே ஏறிப் பார்த்தால், இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்று படி வளைவில் குறுக்காக இறுகிக் கிடக்கிறது. மேல்பக்கம் அக்கா, கீழ்ப்பக்கம் அண்ணை.

"சரிச்சுப் பிடியுங்கோ எண்டு சொன்னனான்தானே!"

"நீர் இழுக்காதையும் எண்டு நானும் சொன்னனான்!"

பக்கத்து வீட்டுச் சிசிலியக் கிழவி கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யார் பக்கம் நியாயம் என்பது போல மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கத்தால் போவது என்று தெரியாமல், மீன் சட்டியைப் பிடித்தபடி நானும் நின்றேன்.

"பிள்ளை, நில் அங்கை" என்று அக்கா மேலிருந்து கத்தினார். "முதல் இந்த மனிசனோட கதைச்சு முடிக்கிறன்."

அண்ணை மெத்தையின் கீழிருந்து தலையை வெளியே நீட்டினார். வேர்வை வழிந்தது. "முடியாது பிள்ளை," என்றார் உரத்த குரலில், "இந்தக் கதை இண்டைக்கு முடியாது." சொல்லிவிட்டுத் தோளைக் கொடுத்து மெத்தையை மேலே தள்ளினார்.